158 துண்டுகள், ஒரே தரை

புதிய நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளுக்கும் கம்பளம் உருவான கதை

மக்களவையில் அமளி, முழக்கம், ஒத்திவைப்பு. தொலைக்காட்சியில் இதைப் பார்க்கும்போது நம் கண் உறுப்பினர்களின் முகத்திலும் அவர்கள் தூக்கிப் பிடித்திருக்கும் பதாகையிலும்தான் இருக்கும். அவர்கள் நிற்கிற தரையை யார் பார்க்கிறார்கள்? சபாநாயகர் இருக்கைக்கு முன்னால் உள்ள அந்த இடத்தில் இறங்கி அவையைக் கடுமையாகக் குலைக்கும் உறுப்பினர், சபாநாயகர் பெயர் குறிப்பிட்ட உடனேயே தானாக இடைநீக்கம் ஆகிவிடுவார் என்கிறது மக்களவை விதி 374ஏ. நாட்டின் அரசியலில் அவ்வளவு பேசப்படும் அந்தத் தரையில் விரித்திருப்பது, உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் கையால் முடிச்சுப் போட்டுச் செய்த கம்பளிக் கம்பளம்.

2023 மே 28 அன்று திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றத்தில் மக்களவைக்கு 888 இருக்கைகள், மாநிலங்களவைக்கு 384 இருக்கைகள். இரண்டு அவைகளுக்கும் தலா 158 துண்டுகளாகக் கம்பளம் நெய்து, அவற்றை இணைத்து, அரைவட்ட வடிவில் ஒரே விரிப்பாக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 17,500 சதுர அடி வரை. சென்னைக் கணக்கில் சொன்னால் ஏழு கிரவுண்டுக்கு மேல். மக்களவையில் தேசியப் பறவையான மயில், அதன் தோகையை ஒட்டிய கற்றாழைப் பச்சை. மாநிலங்களவையில் தேசிய மலரான தாமரை, கோகம் பழத்தின் அடர்சிவப்பு. செய்து கொடுத்தது, 1920-இல் மூன்று ஆங்கிலேயர்கள் மிர்சாபூரில் தொடங்கி, இன்று இந்தியர் கையில் இருக்கும் ஓபீட்டி நிறுவனம்.

மயிலும் தாமரையும் படத்தில் அழகாக இருக்கின்றன. செய்திகளும் அவற்றோடு நின்றுவிட்டன. ஆனால் இவ்வளவு பெரிய பொதுக் கட்டடத்துக்குக் கம்பளம் வரைபவருக்குப் பறவையும் பூவும் வேலையின் சின்னப் பகுதி. தரையை எப்படிக் கூறு போடுவது, கூறு போட்டதை எப்படி ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பது என்பதில்தான் அவருடைய முழுச் சாமர்த்தியமும் இருக்கிறது.

ஏன் துண்டு துண்டாக?

கம்பளத்தின் அகலம் தறியின் அகலத்தைத் தாண்ட முடியாது. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் வட்டாரத்தில் பல தறிகள் நெசவாளியின் வீட்டிலோ வீட்டை ஒட்டிய கொட்டகையிலோ நிற்பவை. ஒரே தறியில் ஒரே விரிப்பாக நெய்ய வேண்டுமென்றால் அதற்கென்றே ஒரு மண்டபம் கட்ட வேண்டும். முடியப் பல ஆண்டுகள் ஆகும். முடிந்த பிறகு அதைத் தூக்கவும் கழுவவும் டெல்லிக்குக் கொண்டு போகவும் வழியிருக்காது. துண்டுகளாகப் பிரித்தால் ஒரே நேரத்தில் பல தறிகள் ஓடும். அதனால்தான் 900 நெசவாளர்கள் சேர்ந்து 2021 செப்டம்பரில் தொடங்கிய நெசவை 2022 மே மாதத்துக்குள் முடிக்க முடிந்தது.

17,500 சதுர அடியை 158-ஆல் வகுத்தால் ஒரு துண்டு சராசரியாக 110 சதுர அடி வருகிறது. கிட்டத்தட்ட ஒரு சிறிய படுக்கையறையின் தரை. தறிக்கு அடக்கமான அளவுதான். சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. ஒரு தோகையின் பாதி ஓர் ஊரில், மறுபாதி இன்னோர் ஊரில் நெய்யப்படலாம். இரண்டு கைகளும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. அவையில் பக்கத்துப் பக்கத்தில் விரிக்கும்போது கோடு கோட்டோடு சேர வேண்டும்; நிறம் நிறத்தோடு சேர வேண்டும்.

வீட்டுக் கூடத்தில் போடும் ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடிக் கம்பளம் ஓர் அங்குலம் கூடக் குறைய இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கை வேலையில் அது இயல்பு என்று வாங்குகிறவரும் ஏற்றுக்கொள்வார். ஆனால் பத்துத் துண்டுகளை வரிசையாக வைக்கும்போது, ஆளுக்கு ஓர் அங்குலம் கூடினாலே கடைசியில் கிட்டத்தட்ட ஓரடி தள்ளிப் போய்விடும். அரைவட்டத்தின் விளிம்பு சுவரில் முட்டும்.

ஒரு முடிச்சின் கணக்கு

தமிழ்நாட்டில் கல்யாண மண்டபங்களில் விரிக்கும் பவானி ஜமக்காளம் நமக்குத் தெரியும். அதில் பாவுக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூலின் நிறமே பட்டைகளாகத் தெரிகிறது. முடிச்சுக் கம்பளத்தில் பாவும் ஊடையும் எலும்புக்கூடு மட்டுந்தான், கண்ணுக்குத் தெரியாது. நிறம் முழுவதும் அவற்றின் மேல் போடும் முடிச்சுகளில் இருக்கிறது.

தறி செங்குத்தாக நிற்கிறது. மேலிருந்து கீழாகப் பருத்திப் பாவு இழுத்துக் கட்டியிருக்கிறது. நெசவாளியின் கண் மட்டத்தில் 'நக்‌ஷா' தொங்குகிறது. கட்டம் போட்ட தாளில் வரைந்த வரைபடம் அது. ஒரு கட்டம் என்றால் ஒரு முடிச்சு. அவர் இரண்டு பாவு இழைகளை விரலால் பிரித்து, கம்பளி நூலை ஓர் இழையைச் சுற்றியும் மற்றதன் பின்னாலுமாகச் செலுத்தி, கீழே இழுத்து, கையிலிருக்கும் கத்தியால் வெட்டுகிறார். ஒரு முடிச்சு முடிந்தது. வெட்டிய இரண்டு நுனிகளும் முன்னால் குச்சமாக நிற்கின்றன. ஒரு வரிசை முடிந்ததும் ஊடையைச் செலுத்தி, 'பஞ்சா' என்ற இரும்புச் சீப்பால் தட்டி இறுக்குகிறார். பிறகு கத்தரிக்கோல். பிறகு அடுத்த வரிசை.

நாடாளுமன்றக் கம்பளத்தில் சதுர அங்குலத்துக்கு 120 முடிச்சுகள். ஒரு சதுர அடிக்கு 17,280. இரண்டு அவைகளுக்குமான 35,000 சதுர அடிக்கு 60 கோடியைத் தாண்டுகிறது. மொத்தம் 10 லட்சம் மனித மணி நேர வேலை என்கிறது நிறுவனம். வகுத்துப் பார்த்தால், நீங்கள் ஒரு பாதம் வைக்கிற ஒரு சதுர அடிக்குப் பின்னால் ஒருவருடைய 28 மணி நேர உழைப்பு இருக்கிறது.

இதைவிட நெருக்கமாகவும் முடிச்சுப் போடலாம். 1539-40-இல் முடிந்து, ஈரானின் அர்தபில் நகரத்து ஷேக் சஃபி நினைவிடத்தில் கிடந்து, இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற கம்பளத்தில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 340 முடிச்சுகள். பிறகு நாடாளுமன்றத்துக்கு ஏன் 120 போதும்? அவையில் கம்பளத்தைப் பார்ப்பவர் நின்றுகொண்டோ மாடத்தில் உட்கார்ந்தோ பார்க்கிறார். நுணுக்கமான கொடியும் இலையும் அந்தத் தூரத்தில் கலங்கிப்போகும். நுணுக்கம் கூடினால் நூல் மெலியும். நூல் மெலிந்தால் ஆயிரக்கணக்கான காலணிகளுக்குத் தாங்காது. எங்கிருந்து பார்ப்பார்கள், எத்தனை பேர் மிதிப்பார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கான பதில்தான் அந்த 120.

அங்குலத்துக்கு ஏறத்தாழ 11 முடிச்சுகள் என்பதில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஒருவர் பஞ்சாவை ஓங்கித் தட்டுவார். இன்னொருவர் மெதுவாகத் தட்டுவார். ஓங்கித் தட்டியவரின் அங்குலத்தில் 11 வரிசைக்குப் பதில் பன்னிரண்டு உட்கார்ந்துவிடும். நக்‌ஷாவைப் பிசகாமல் பின்பற்றியும் அவருடைய இறகு குட்டையாகிவிடும். அதனால் நெசவு நடக்கும்போதே அளவுகோல் வைத்து வரிசைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்த பிறகு திருத்த இதில் அதிகம் வழியில்லை.

பச்சை என்றால் எந்தப் பச்சை?

கீழவைக்குப் பச்சை, மேலவைக்குச் சிவப்பு என்பது பிரிட்டிஷ் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து வந்த வழக்கம். லண்டனில் காமன்ஸ் அவை பச்சை; லார்ட்ஸ் அவை சிவப்பு. அங்கே கம்பளத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. காமன்ஸ் அவைக் கம்பளத்தில் ஆளுங்கட்சி வரிசைக்கு முன்னால் ஒரு சிவப்புக் கோடு, எதிர்க்கட்சி வரிசைக்கு முன்னால் ஒரு சிவப்புக் கோடு ஓடுகின்றன. பேசும்போது உறுப்பினர் அந்தக் கோட்டைத் தாண்டி வரக் கூடாது. இரண்டு வாள் நீள இடைவெளி என்று அதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். அவை விதியையே தரையில் நெய்து வைத்திருக்கிறார்கள்.

நிறத்தைத் தாளிலோ கணினித் திரையிலோ பார்த்து முடிவு செய்ய முடியாது. கம்பளத் தொழிலில் 'பாம்' என்று ஒன்று உண்டு. சாயம் தோய்த்த கம்பளி நூலை விரல் நுனியளவுக் குச்சமாகக் கட்டி, எண் போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறங்களைப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். கட்டடக் கலைஞரும் கம்பளக்காரரும் அந்தக் குச்சங்களைக் கல், மரம், இருக்கைத் துணி இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தேர்வு செய்வார்கள். பிறகு சின்னதாக ஒரு மாதிரித் துண்டு நெய்து, அறையில் எரியப் போகும் அதே விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். பகலில் சிவப்பாக இருப்பது மஞ்சள் விளக்கில் பழுப்பாகிவிடும்.

தேர்வு முடிந்தாலும் தொல்லை தீராது. ஒரே சூத்திரம், ஒரே தொட்டி, ஒரே ஆள் என்றாலும் இன்று தோய்த்த பச்சைக்கும் அடுத்த மாதம் தோய்த்த பச்சைக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். தனித்தனி வீடுகளுக்குப் போகும் கம்பளங்களில் அது குறையே இல்லை. பழைய பாரசீகக் கம்பளங்களில் அந்த ஏற்ற இறக்கத்தையே அழகு என்று ரசிக்கிறார்கள். 158 துண்டுகளையும் ஒரே அறையில் சேர்க்கும்போது அது ஒட்டுப் போட்டதுபோலத் தெரியும். எனவே எந்த லாட் (ஒரே தடவையில் தோய்த்த தொகுதி) நூல் எந்தத் துண்டுக்குப் போகிறது என்பதையும் வடிவமைப்பின் பகுதியாகவே எழுதி வைக்க வேண்டும். கெட்டிக்கார வடிவமைப்பாளர் லாட் மாறும் இடத்தைக் கரையோரத்திலோ பூவின் விளிம்பிலோ ஒளித்துவிடுவார்.

சாய்வு எந்தப் பக்கம்?

வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் பிடிபடாத விஷயம் இது. கம்பளத்தின் மேல் நிற்கும் நூல் நுனிகளைத் தொழிலில் 'பைல்' என்பார்கள். முடிச்சைக் கீழ்நோக்கி இழுத்து வெட்டுவதால் பைல் நேராக நிற்பதில்லை. நெசவு தொடங்கிய பக்கம் சாய்ந்திருக்கும். கையால் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடுக்கும். வெளிச்சமும் அப்படியே. பைல் சாயும் திசையில் பார்த்தால் நிறம் வெளுத்தும் அதற்கு எதிர்த்திசையில் பார்த்தால் அடர்ந்தும் தெரியும். நல்ல கம்பளத்தை எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தால் வேறு கம்பளம் மாதிரி இருப்பது இதனால்தான்.

நீள்சதுர அறை என்றால் எல்லாத் துண்டுகளின் சாய்வையும் ஒரே பக்கம் வைத்துவிடலாம். அரைவட்டத்தில் என்ன செய்வது? துண்டுகளை விசிறி மடிப்புகள்போல மையத்தை நோக்கி அடுக்கினால் ஒவ்வொன்றின் சாய்வும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். இடது கோடியில் உட்கார்ந்திருப்பவருக்கு வலது கோடியின் பச்சை வேறாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே திசையில் நெய்தால், ஓரத்துத் துண்டுகளின் விளிம்புகளை வளைவாக நெய்யவோ வெட்டி மடித்துத் தைக்கவோ வேண்டிவரும். இரண்டு வழிகளிலும் லாபமும் நட்டமும் உண்டு. எது என்று முதல் முடிச்சு விழும் முன் முடிவாகியிருக்க வேண்டும்.

இடது பாதியின் நகல்தானே வலது பாதி, வரைவதில் பாதி மிச்சம் என்று தோன்றும். அதுவும் நடக்காது. வலது பாதிக்கு வேண்டியது கண்ணாடிப் பிம்பம். ஒரு துண்டைத் திருப்பி வைத்தால் பிம்பம் கிடைக்காது, சாய்வும் தலைகீழாகிவிடும். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் தனி நக்‌ஷா, தனி எண். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது, எந்த விளிம்பு எதோடு சேரும் என்று சொல்லும் ஒரு பெரிய வரைபடம் அதற்கு மேல்.

நெய்து முடித்த துண்டு அழுக்கும் பிசிறுமாக இருக்கும். தண்ணீர் ஊற்றி, நீளக் கைப்பிடி போட்ட மரப்பலகையால் ஆட்கள் தள்ளித் தள்ளிக் கழுவுவார்கள். கம்பளிக்கு மினுமினுப்பு வருவது அப்போதுதான். பின்பக்கத்துப் பிசிறைச் சுடரால் பொசுக்குவார்கள். காய்ந்ததும் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கோணலை நேராக்குவார்கள். இறகும் இதழும் எடுப்பாகத் தெரிய அவற்றின் விளிம்பைக் கத்தரிக்கோலால் செதுக்குவார்கள். ஈரத்தில் கம்பளி சுருங்கும் என்பதால், கழுவிய பிறகு என்ன அளவு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் நெய்திருக்க வேண்டும். இவ்வளவும் ஆன பிறகு அவையின் தரையில் துண்டுகளை வைத்துத் தைத்து, மேலே பைலைச் சீவிவிட்டு ஒட்டை மறைக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் இந்த வேலை 2022 நவம்பரில் நடந்தது.

மஸ்கட் 58, அபுதாபி 9

கூறு போடும் வித்தையில் உலகம் பேசும் இரண்டு கம்பளங்கள் வளைகுடாவில் இருக்கின்றன. இரண்டையும் செய்தவர்கள் ஈரானியர்கள். மஸ்கட் நகரின் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல் கம்பளம் 4,343 சதுர மீட்டர், 170 கோடி முடிச்சுகள். பெரும்பாலும் பெண்களான 600 நெசவாளர்கள், நான்கு ஆண்டு வேலை. 58 துண்டுகளாக நெய்து, அங்கேயே கொண்டு போய் இணைத்தார்கள்.

அபுதாபியின் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலுக்கு அலி காலிகி வரைந்தது 5,627 சதுர மீட்டர். ஒன்பது துண்டுகளாக விமானத்தில் வந்து சேர்ந்தது. தொழுகைக்கு நிற்பவர்கள் வரிசை பிசகாமல் நிற்க ஓர் அடையாளம் தேவை. ஆனால் பூவேலைக்கு நடுவே கோடு போட்டால் அழகு கெடும். எனவே நிறத்தைத் தொடாமல், பைலின் உயரத்தை மட்டும் சற்று மாற்றி மெல்லிய வரிகளாக்கிவிட்டார்கள். தொழ நிற்பவருக்குத் தெரியும். சுற்றிப் பார்க்க வருபவரின் கண்ணை உறுத்தாது. லண்டனில் சிவப்புச் சாயத்தால் செய்ததை இங்கே கத்தரிக்கோலால் செய்திருக்கிறார்கள். பொதுக் கட்டடத்துக் கம்பளத்துக்கு வேலை கொடுப்பது என்றால் இதுதான்.

எல்லாப் பொதுக் கட்டடத்துக்கும் கையால் முடிச்சுப் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஓட்டல் கூடங்களுக்கும் மாநாட்டு அரங்குகளுக்கும் 'ஆக்ஸ்மின்ஸ்டர்' எந்திர நெசவு போதும். 80 சதவீதக் கம்பளி, 20 சதவீத நைலான் என்பது அதில் பழகிய கலவை. விமான நிலையங்களிலும் அலுவலகங்களிலும் சதுரச் சதுரமான ஓடுகளாக நைலான் கம்பளம் பதிப்பார்கள். காப்பி கொட்டிய ஓட்டை மட்டும் பெயர்த்துவிட்டுப் புதிது போட்டால் முடிந்தது. அங்கும் வடிவமைப்பு வீண் போவதில்லை. அமெரிக்காவின் போர்ட்லண்ட் விமான நிலையத்தில் 1987-இல் வரைந்த நீலப்பச்சைக் கம்பளத்தில், கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து இரவில் தெரியும் ஓடுபாதைகளின் கோடுகள்தான் வடிவம். 2015-இல் அதைப் பெயர்த்து எடுத்தபோது ஊரே வழியனுப்பி வைத்தது. காலைக் கம்பளத்தில் ஊன்றிப் படமெடுத்துப் போட்டார்கள். அந்த வடிவத்தில் காலுறை கூட விற்பனைக்கு வந்தது. எந்திரக் கம்பளமும் ஓர் ஊரின் அடையாளமாகலாம், அந்த இடத்துக்கென்றே வரைந்திருந்தால்.

முடிச்சுப் போட்டவர்கள்

பதோஹி, மிர்சாபூர் கம்பளங்கள் 1851 லண்டன் உலகக் கண்காட்சியிலேயே இடம்பெற்றவை. 2010-இல் பதோஹி கைவினைக் கம்பளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வட்டாரம் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினையாலும் உலகச் செய்தியானது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று 1994-இல் தொடங்கிய 'ரக்மார்க்' முத்திரை, இன்று 'குட்வீவ்' என்ற பெயரில் தொடர்கிறது. கம்பளம் வாங்குகிறவர் "யார் நெய்தது?" என்று கேட்க வேண்டிய கட்டாயத்தை அது உருவாக்கியது. பொதுப் பணத்தில் வாங்கும் கம்பளத்துக்கு அந்தக் கேள்வி இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

இந்தியக் கைவினைக் கம்பளத்தில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே போகிறது. மிகப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது பதோஹி ஆடிப்போனது அதனால்தான். உள்நாட்டில் அரசும் பொது நிறுவனங்களும் பெரிய அளவில் வாங்கினால் தறிக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். ஆனால் அப்படி வாங்க ஒரு முறை வேண்டும். நாடாளுமன்றக் கம்பளம் அதைக் காட்டுகிறது.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது 2020 டிசம்பர் 10. கம்பள வேலை தொடங்கியதும் அதே 2020-இல், கொரோனாவுக்கு நடுவே. நெசவு தொடங்குவதற்கு முன்பே கூறு போடவும் நிறம் தேரவும் நக்‌ஷா வரையவும் பல மாதங்கள் கிடைத்தன. கட்டடமும் கம்பளமும் கூடவே வளர்ந்தன. நம் ஊரில் வழக்கம் வேறு. சுவர் எழும்பி, வெள்ளையடித்து, திறப்பு விழாத் தேதி குறித்த பிறகு 'உள் அலங்காரம்' என்ற தலைப்பில் கடைசி வரியாகக் கம்பளம் வரும். அந்த அவசரத்தில் பட்டியலைப் பார்த்து எதையாவது விரிக்கலாம். அந்த அறைக்கென்று ஒன்றை வரைய முடியாது. குறைந்த விலைப் புள்ளி மட்டுமே ஒப்பந்தத்தை முடிவு செய்தால், சாய லாட்டைப் பிரித்து எழுதி வைக்கவோ, பழுது பார்க்க அதே லாட் நூலை எடுத்து வைக்கவோ யாரும் மெனக்கெடப் போவதுமில்லை. முடிச்சுக் கம்பளத்தின் பெரிய வசதியே, கிழிந்த இடத்தை முடிச்சு முடிச்சாகத் திரும்பப் போட்டுவிடலாம் என்பதுதான். நூல் கைவசம் இல்லையென்றால் அந்த வசதியும் வீண்.

அடுத்து ஒரு சட்டமன்றமோ உயர் நீதிமன்றமோ நூலகமோ கட்டத் திட்டமிடுகிறவர்கள் செய்ய வேண்டியது எளிது. கட்டட வரைபடத்தில் கையெழுத்து விழும் முன்பே கம்பளக்காரரையும் மேசையில் உட்கார வைக்க வேண்டும். கதவு எங்கே, படி எங்கே, விளக்கு எங்கே, கூட்டம் எந்த வழியாக வரும் என்று அவர் கேட்கட்டும். ஒப்பந்தத்தில் நெசவாளியின் கூலிக்கும், மாற்று நூலுக்கும், யார் நெய்தார்கள் என்ற பதிவுக்கும் தனித்தனி வரி ஒதுக்கட்டும். மயிலா தாமரையா என்பதை அதற்குப் பிறகு நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம்.